யாருடைய சூடு

பஸ் டிரைவர் சுவரோரம் கண்ணை மூடி உட்காரத் தொடங்கிய மாதத்தில், அவரைச் சுற்றித் தரையில் தண்ணீர் ஊறியது. குழாய் எதுவும் கசியவில்லை. பிளம்பர் வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். துடைத்தவள் அவருடைய மனைவி, தையல்காரி. துடைக்கத் துடைக்க அவளுக்குச் சந்தேகமும் ஊறியது. அவர் முதுகுவலிக்கு வழி கேட்டுப் போன இடத்தில் ஒரு புத்த பிக்கு சொல்லிக் கொடுத்ததாம்: உடம்பில் கனப்பது மண், கசிவது நீர், சுடுவது நெருப்பு, அசைவது காற்று; எதையும் என்னுடையது என்னாமல் பார்த்துக்கொண்டிரு. வலி போய்விட்டது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து முதுகைப் பற்றியே புலம்பிய மனிதர் திடீரென்று வாயடைத்துப்போனதை அவளால் நம்ப முடியவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பது அவள் கட்சி. சட்டைக் காலரை முகர்ந்தாள், டீசல் வாசம்தான். டிப்போவுக்கே போய்க் கண்டக்டரிடம் நைச்சியமாக விசாரித்தாள்.

"அண்ணனா? சீட்ட விட்டு எறங்கவே சோம்பல்படுவாரு அண்ணி. அவரு எங்க போகப் போறாரு?" என்றான் அவன்.

மழைக்காலத்தில் அவர் உட்கார்ந்தால் அறையே சுட்டது. ஈரத்துணிகளை அவர் பக்கத்தில் போட்டால் காய்ந்துவிடும். பிறகு காற்று வந்தது. ஜன்னல் சாத்திய அறையில் நூல்கண்டுகள் உருண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரோரம் சட்டையும் பேண்ட்டும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. உள்ளே ஆள் இல்லை. தையல்காரி கத்தவில்லை. கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே காத்திருந்தாள். உடம்பு மெல்லத் திரும்பிச் சட்டையை நிரப்பியதும் கேட்டாள்.

"எதுவுமே உங்களோடது இல்லன்னா, அப்ப நான் யாரு?"

"தெரியல. அது தெரியாமப் போயிடுச்சேன்னுதான் பயந்து திரும்பி வந்தேன்."

அந்தப் பதிலிலும் அவளுக்கு முழு நம்பிக்கை இல்லை. காவலுக்கென்று மறுநாளிலிருந்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, கண்ணைத் திறந்தே. சில வாரங்களில் கண் தானாக மூடியது. மிஷினை மிதித்து மிதித்துக் கடுத்த முழங்கால்களில் மண்ணின் கனம் இறங்கியது. உள்ளங்கையில் சூடு இருந்தது. அது அவருடையதா தன்னுடையதா என்று துப்புத்துலக்கப் பார்த்தாள், பிடிபடவில்லை.

வருடங்கள் போயின. இருவரின் கனத்தில் மாடித் தளம் விரிசல் விட்டதால் வீட்டுக்காரர் அவர்களைக் கீழ்வீட்டுக்கு மாற்றினார். காலையில் வரும் வாடிக்கைக்காரர்கள் உள்ளே இரண்டு பேருடைய உடுப்பு மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். ஒரு சட்டைக் கையை இன்னொன்று விடாமல் பிடித்திருக்கும். தைக்க வேண்டிய துணியை வாசலில் வைத்து, மேலே அளவுச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள்.