மெத்தையைத் திருப்பும் நாள்

“மூணு எண்ணுவேன். மூணுக்குத் தூக்கிடணும்,” என்றார் பக்கத்து வீட்டு லின்வல்.

மெத்தையின் தலைமாடு அவர் கையில் இருந்தது. கால்மாட்டை அவருடைய லாரியில் மூட்டை ஏற்றும் இரண்டு தடியர்கள் பிடித்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக எண்ணவும் செய்தார். மெத்தை எழவில்லை. நடுவில் ஐசில்டா உட்கார்ந்திருந்தாள்.

ஐசில்டா கனமான பெண் அல்ல. பெரிய புயல் வந்த வருஷம் கொல்லையில் துணி எடுக்கப் போனவள், கொடிக்கயிற்றைப் பிடித்தபடி போர்வையோடு போர்வையாக அரை மணி நேரம் பறந்தாள். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவளை அன்றைக்கு மூன்று ஆண்பிள்ளைகளால் ஒரு விரற்கடை உயர்த்த முடியவில்லை.

“மிஸ் ஐசி, எழுந்திருங்க. பொழுது சாயுது.”

“சாயட்டும்.”

“வெளியில ஊரே காத்துக்கிட்டு இருக்கு.”

“ஊருக்கு சூப் ஊத்தியாச்சுல்ல? குடிக்கட்டும்.”

ஊர் குடித்துக்கொண்டுதான் இருந்தது. முற்றத்தில் அண்டா நிறைய ஆட்டுத்தலை சூப் கொதித்தது. தகரப் பந்தலின் கீழே டாமினோ ஆடியவர்கள் ஒவ்வொரு கட்டையையும் மேசையின் மேல் பழைய பகை தீர்ப்பதுபோல அறைந்தார்கள். சீமைப்பலா மரத்துக்குப் பின்னால் கட்டி முடித்த கல்லறையில் சிமெண்ட் இன்னும் காயவில்லை. வெள்ளை ரம்மில் ஊறிக் கிடந்த கொத்தனாரும் காயவில்லை. நாளைக் காலையில் ஐசில்டாவின் புருஷன் ஹோப்டனின் சவப்பெட்டி வந்துவிடும். அதற்கு முன்னால், செத்த ஒன்பதாம் நாளான இன்று, அவன் படுத்திருந்த அறையைத் தலைகீழாக்க வேண்டும். மெத்தையைப் புரட்டி, அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, வாசல்வரை பெருக்கித் தள்ளிவிட்டால், திரும்பி வரும் ஆவி ‘வீடு மாறி வந்துட்டோம் போல’ என்று வெட்கப்பட்டு மேற்கொண்டு நடந்துவிடும். முன்பெல்லாம் இதை நடுச்சாமத்தில் செய்வார்கள். கரண்டு எப்போது போகும் என்று ஆவிகளுக்கே தெரியாமல் போன பிறகு, எங்கள் பக்கத்தில் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக்கொள்கிறோம்.

டெலோரிஸ் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். ஹோப்டனின் அக்கா. சர்ச்சில் அவள் பாட ஆரம்பித்தால் ஆர்கன்தான் அவள் சுருதிக்கு இறங்கி வரும்.

“இன்னுமா? மூணு தடிமாடு சேர்ந்து ஒரு மெத்தையைத் தூக்க முடியல?”

“மெத்தை வருது, டெல் அக்கா. மேல இருக்கறதுதான் வரல,” என்றார் லின்வல்.

“ஐசி, எழுந்திரு.”

“மாட்டேன்.”

“அவன் போகணும்மா.”

“எங்க போகணும்? முப்பது வருஷம் போனது போதாதா?”

டெலோரிஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

போனது உண்மைதான். ஹோப்டனும் நாலு பையன்களும் சேர்ந்து ‘ஸ்டோனி கல்லி’ என்று ஒரு ரெகே குழு வைத்தார்கள். ஹோப்டனுக்கு பேஸ் கிதார். அவன் இங்கே ஒரு தந்தியைத் தட்டினால் மலைக்கு அந்தப் பக்கம் அடைகாக்கும் கோழிகள் எழுந்து நின்றுவிடும்; அந்த வருஷம் அங்கே குஞ்சே பொரியவில்லை. தலைநகர் கிங்ஸ்டனில் பெயர் வாங்கினார்கள். லண்டனிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். எல்லாம் பிரமாதம், கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான், என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனார். தண்ணீர் வராத தெருக்குழாயைப் பற்றி அவர்கள் ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். குழாயை எடுத்துவிட்டு ஒரு பெண்ணைப் போட்டார். டிரம் முழக்கத்தை எடுத்துவிட்டு எக்காளம் போட்டார். ஹோப்டனின் பேஸை ரேடியோ தாங்காது என்று குறைத்து, இன்னும் குறைத்து, கடைசியில் நாய்களுக்கு மட்டும் கேட்கிற அளவில் நிறுத்தினார். ‘வாடி, வெயிலில் நனையலாம்’ பிறந்தது.

அது போகாத இடம் இல்லை. நார்வேயில் வெயிலையே பார்த்திராதவர்கள் அதைப் பாடி அழுதார்கள். வங்கிக்கு போன் செய்தால், காத்திருக்கச் சொல்லிவிட்டு அதைப் போட்டார்கள். அதுவரை பைபிள் சங்கீதங்களை மட்டும் ஒப்பித்துக்கொண்டிருந்த எங்கள் பாதிரியாரின் கிளி மனம் மாறியது. கிங்ஸ்டன்காரர்கள் மட்டும் அது ரெகே இல்லை, சர்க்கரை போட்ட வெந்நீர் என்றார்கள். அடுத்து வந்த மூன்று இசைத்தட்டுகளை அவரவர் அம்மாக்கள்தான் வாங்கினார்கள். பாடகன் பிரிந்துபோய் அதே பெயரில் இன்னொரு குழு வைத்தான். ஒரே ஊரில், ஒரே சாயங்காலம், ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இரண்டு ஸ்டோனி கல்லிகளும் அதே பாட்டைப் பாடியதுண்டு. பிறகு உல்லாசக் கப்பல்கள், பீர்க் கொட்டகைகள், சூப்பர்மார்க்கெட் திறப்பு விழாக்கள். எங்கே போனாலும் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்டார்கள். அதில் ஹோப்டனுக்கு மொத்தமே நாலு சுரம். கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி அந்த நாலையும் வாசித்தான், தலை நரைக்கும்வரை.

மேடையில் வேறு வழியில்லை. மற்றபடி எங்கே அந்தப் பாட்டு கேட்டாலும் எழுந்து போய்விடுவான். பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து பல் பிடுங்கும் இடுக்கியைக் கவ்வியபடியே எழுந்து போயிருக்கிறான். லீவுக்கு வந்த ஒரு கிறிஸ்துமஸில் ஐசில்டாவை சினிமாவுக்கு அழைத்துப் போனான். இடைவேளையில் அது ஒலித்தது. பாதிப் படத்தை அவள் தனியாகப் பார்த்தாள்.

கடைசியில் நோயோடு வந்து சேர்ந்தான். வருஷக்கணக்காக பஸ்ஸிலேயே தூங்கியவனுக்கு ஆடாத கட்டிலில் தூக்கம் வரவில்லை. லின்வல் தன் லாரியை ஜன்னலோரம் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டார். கட்டில் நடுங்கியது, ஹோப்டன் தூங்கினான். ஐசில்டாவும் அந்த நடுக்கத்தில் தூங்கப் பழகினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்தாற்போல ஒரே கட்டிலில் இருந்தது அப்போதுதான். மாம்பழம் பழுக்கும்வரை தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாம்பழம் பழுத்தது, எல்லாரும் தின்றார்கள், வீசிய கொட்டைகள் முளைத்தன. ஹோப்டன் எலும்பும் வலியுமாக இருந்துகொண்டே இருந்தான். டாக்டர் இரண்டு தடவை இறப்புச் சான்றிதழோடு வந்து, மனத்தாங்கலோடு திரும்பிப் போனார்.

“லாரிய இன்னும் ஓட விடச் சொல்றியாமே,” என்றாள் டெலோரிஸ். “செத்தவனுக்கு இன்ஜின் போட்டுத் தாலாட்டறது உலகத்துலயே நம்ம வீட்லதான்.”

“அவர் தூங்க வேணாமா?”

“தூங்கறதுக்குத்தானே பின்னால அவ்வளவு சிமெண்ட் கொட்டியிருக்கு!”

“டீசலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல,” என்றார் லின்வல், யாரும் கேட்காமலே.

ஐசில்டா தன் பக்கத்தில் மெத்தையைத் தடவினாள். “பள்ளம் அப்படியே இருக்கு, அக்கா. காலைல கை வெச்சா சூடு தெரியுது. வந்து தொட்டுப் பாருங்க.”

டெலோரிஸ் இரண்டடி வைத்தாள். தொடவில்லை. அந்தப் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் மட்டும் அவனைத் துரத்தவா நிக்கறேன்? நான் இடுப்புல தூக்கி வளர்த்த பிள்ளை. நாளைக்கு உடம்பு மண்ணுக்குள்ள போயிடும். ஆவி மட்டும் இந்தக் கட்டில்ல கிடந்து என்ன பண்ணும்? சரி, நீ எழுந்திருக்க வேணாம். லின்வல், உன் பெட்டியெல்லாம் தயாரா?”

“தயார். ஊதினாப் போதும், கூரை பறக்கும்.” முற்றத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அவர் வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்.

“அந்தப் பாட்டைப் போடு. மெத்தையும் வேணாம், துடைப்பமும் வேணாம். முதல் அடி முடியறதுக்குள்ள அவன் மலையத் தாண்டிடுவான்.”

அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த ஐசில்டா அப்போதுதான் பயந்தாள். டெலோரிஸ் சொன்னது உண்மை என்று அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

“வேணாம் அக்கா.”

“அப்ப எழுந்திரு.”

“இன்னும் ஒரு ராத்திரி. நாளைக்கு நானே திருப்பிப் போடறேன், சத்தியமா. இன்னும் ஒரே ஒரு தடவை, அவர் இங்க தூங்கட்டும்.”

மூலையில் யாரோ இருமியதுபோல ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். பர்ச்செல் அங்கே இருப்பதையே மறந்திருந்தார்கள். ஸ்டோனி கல்லியின் டிரம்காரர் அவர். பழைய ஐந்து பேரில் கடைசிவரை ஹோப்டனோடு நின்றவர் அவர் ஒருவர்தான். பர்மிங்காமிலிருந்து முந்தின நாள் வந்தவர், மத்தியானத்திலிருந்து மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“என்ன சிரிப்பு?” என்றாள் டெலோரிஸ்.

“சிரிக்கல.” தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். “மன்னிச்சுக்கம்மா, ஐசி. அந்த வார்த்தையைக் கேட்டதும் பழசு ஞாபகம் வந்துடுச்சு.”

“எந்த வார்த்தை?”

“இன்னும் ஒரு தடவை. எல்லா ஊர்லயும் அதைத்தான் கத்துவாங்க. எந்த பாஷை வேணும்னாலும் சொல்லு, அதுல ‘இன்னும் ஒரு தடவை’ எனக்குத் தெரியும். பசிக்குதுன்னு சொல்ல ஒண்ணுலயும் தெரியாது.”

லின்வலின் ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டு, மற்றவர் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“அவர் என்ன சொல்வாரு?” என்று கேட்டாள் ஐசில்டா.

“ஹோப்பியா? ஒண்ணும் சொல்ல மாட்டான். கழட்டி வெச்ச கிதாரை எடுத்துத் திரும்ப மாட்டிக்குவான். காய்ச்சலா இருக்கும், கால் வீங்கியிருக்கும். நான் சொல்வேன், டேய், விளக்கை அணைக்கச் சொல்லு, ஓடிடலாம்னு. ‘அன்பாத்தானே கேக்கறாங்க, பர்ச்செல்’ம்பான். திட்டறவன்கிட்ட சண்டை போடுவான். அன்பாக் கேக்கறவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல மட்டும் அவனுக்கு வராது.”

பர்ச்செல் யாரையும் குத்திச் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் தொப்பியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஐசில்டா கையை மெத்தைப் பள்ளத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாம்பழக் காலம் முடிந்த பிறகு, ஒவ்வொரு நாள் காலையிலும் சோளக்கஞ்சிக் கிண்ணத்தோடு இதே இடத்தில் உட்கார்ந்து, அவன் காதருகே குனிந்து அவள் என்ன கேட்டாள் என்பது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. அவன் ஒவ்வொரு காலையிலும் கண்ணைத் திறந்து தலையை ஆட்டினான் என்பதும் தெரியாது. வெளியே டாமினோக்காரர்கள் எதற்கோ ஓவென்று கத்தினார்கள்.

பிறகு எழுந்து நின்றாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள்.

“லின்வல், பிடிங்க.”

காரியம் கைகூடிய சந்தோஷத்தில் லின்வல் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “போடுங்கடா!” என்று கத்தினார். எக்காளம் கிளம்பியது. மேசையில் ஹோப்டனுக்கென்று ஊற்றி வைத்த ரம் கிளாசுக்குள் துள்ளியது. முற்றத்தில் அத்தனை பேரும், சர்ச் மூப்பர்கள் உட்பட, கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள்.

“நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள் ஐசில்டா.

“என்ன, மிஸ் ஐசி?”

“பாட்டை நிறுத்தச் சொல்லுங்க!”

“அது இல்லாம அவன் கிளம்ப மாட்டானே, ஐசி,” என்றாள் டெலோரிஸ். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி அந்த ஊர் கேட்டதில்லை.

“துரத்த வேணாம், அக்கா. இன்னிக்காவது அது இல்லாம போகட்டும்.”

லின்வல் ஜன்னலில் கையை ஆட்டினார். பாட்டு முதல் அடியின் நடுவில் அறுந்து நின்றது. தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஊர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் இறங்கின. சூப் கொதிக்கும் சத்தம் அறைவரை கேட்டது.

மெத்தை இந்தத் தடவை ஒற்றை ஆள் தூக்குகிற கனம்தான் இருந்தது. புரட்டிப் போட்டார்கள். அடிப்பக்கத்தில் நீலக் கோடுகள் வாங்கின அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தன. அலமாரியை எதிர்ச்சுவருக்கு இழுத்தார்கள். அது நின்ற இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது. பர்ச்செல் எழுந்து நாற்காலியைத் தானே தூக்கி வேறு மூலையில் போட்டார், ஆனால் அதில் உட்காரவில்லை. டெலோரிஸ் உள்சுவரிலிருந்து வாசலைப் பார்த்துப் பெருக்கிக்கொண்டு வந்தாள். எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டே பெருக்குகிறவள், அன்றைக்குப் பாடவில்லை.

ஐசில்டா வாசலில் நின்றிருந்தாள். துடைப்பம் நிலைப்படியை நெருங்கியபோது அவள் பக்கவாட்டில் திரும்பி, முதுகை நிலையோடு ஒட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள், நீளமான கிதார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வெளியே போக இடம் விடுவதுபோல. அவர் கடந்து போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு ஸ்பிரிங் கதவு படாரென்று அடித்துக்கொள்ளாதபடி கையால் பிடித்து, மெல்ல விட்டாள்.