கல்லுக்குள் போன திட்டு

நகைத் தொழிலாளர்களின் சர்வதேசச் சங்கம் ஒரு பச்சைக்கல் இருமியதில் பிறந்தது. அந்தக் கல்லுக்குப் பட்டை தீட்டியவள், வாய் ஓயாததால் பட்டறையில் எல்லோருக்கும் ரேடியோ அக்கா. பக்கத்துச் சக்கரத்தில் அவள் புருஷன். சக்கரம் சுற்றச் சுற்றக் கல்தூள் அவர் நெஞ்சில் படிந்து, இருமினால் கைக்குட்டை மினுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. தூசி உறிஞ்சும் குழாய் கேட்டால், "ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்கம்மா" என்பார் முதலாளி. கல் திருட்டுப் போகும் என்று ஜன்னலுக்குப் பூட்டுப் போட்டவரும் அவரேதான்.

தீட்டிய கல்லில் வாயால் ஊதி, ஆவி படிந்ததும் துடைத்துப் பார்ப்பது தொழில் வழக்கம். அன்று புருஷன் இருமி இருமிச் சக்கரத்தின்மேல் சாய்ந்துவிட, அவள் கையிலிருந்த கல்லில் ஊதியபடியே, "பாவி மனுஷா, ஒரு குழாய் வைக்க உனக்கென்ன கேடு? இந்த ஆளுக்கு ஒண்ணு ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்!" என்று திட்டித் தீர்த்தாள். துடைக்க மறந்தாள். கல் கடல் தாண்டிவிட்டது.

அங்கே மோதிரத்தில் கல் பதிக்கிறவர் அதைக் கையில் எடுத்ததும் கல் இருமியது, பிறகு திட்டியது. மனைவிதான் வந்துவிட்டாள் என்று அவர் எழுந்து நின்றார். கல் போகிற நாட்டின் மொழியில்தான் பேசும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அன்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த இருமல் தெரிந்த இருமல். திருப்பி அனுப்ப வேண்டிய பழுதுக்கல் ஒன்றில் பதில் ஊதினார்: "தங்கச்சி, இங்கயும் இதே கூத்துதான். நீங்க வேலையை நிறுத்துனா நாங்களும் நிறுத்துவோம்."

அதன்பின் எந்த நாட்டிலும் யாரும் கல்லைத் துடைக்கவில்லை. சில வருடங்களில் பொட்டலங்கள் எல்லாம் பொதுக்கூட்டங்களாகிவிட்டன. சுங்க அதிகாரிகள் உள்ளே கைதட்டல் கேட்டும் முத்திரை குத்தி அனுப்பினார்கள். பேச்சுக்கு வரி விதிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஒருநாள் காலை எல்லாச் சக்கரங்களும் நின்றன. "கல்லை வேற ஊர்ல தீட்டக் குடுத்துக்கறேன், போங்க" என்று சிரித்தார் முதலாளி. போன ஊரிலெல்லாம் கற்கள் நடந்ததைச் சொல்லிவிட்டன. பொட்டலங்கள் பிரித்த கையோடு திரும்பி வந்தன. கடைசியில் ஒரு விருந்தின் நடுவே முதலாளியம்மாவின் நெக்லஸ் இருமத் தொடங்கி, நிறுத்தவே இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். "அந்தக் குழாயை வச்சுத் தொலைங்களேன்!" என்றாள் முதலாளியம்மா புருஷனிடம், அத்தனை பேர் முன்னால்.

குழாய் வந்தது. ஜன்னல் பூட்டும் கழன்றது. கடலுக்கு அந்தப் பக்கமும் அதே வாரம். ரேடியோ அக்காவின் புருஷனுக்கு மெல்ல மெல்ல மூச்சு திரும்பி, வேலை நேரத்தில் விசிலடிக்கும் கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. இப்போது மோதிரம் வாங்குகிறவர்கள் முதலில் காதருகே வைத்துப் பார்க்கிறார்கள். இருமினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். விசிலடித்தால், அளவு சரியா என்று விரலில் போட்டுப் பார்க்கிறார்கள்.