இரண்டாவது சத்தம்

அரங்கில் ஆறு டியூப் லைட்டுகள். எரிந்தவை இரண்டு. மேடைக்குப் பின்னால் திரையில்லாத ஜன்னல், மே மாதத்து வெளுத்த வெயிலை நேராகக் கண்ணில் அடித்தது. கொடி உள்ளே வந்தபின் ஃபிளாஷ் அடிப்பது மரியாதைக் குறைவு என்பது தலைமையாசிரியை மிர்தாவின் சட்டம்.

கொரியெந்தெஸ் நகரில் பத்து வருஷமாகப் பள்ளி விழாக்களைப் படமெடுக்கிற நெலிதாவுக்கு இது பழகிய தொல்லை. இந்த இருட்டில் ஆடி ஓடும் பிள்ளைகளை எடுத்தால் புகைதான் விழும். அதனால் தேசிய கீதத்துக்காகக் காத்திருப்பாள். அதன் தொடக்கத்தில் ஒரு நிமிஷம் வெறும் இசை. எல்லோரும் விறைத்து நிற்பார்கள். பாடவும் மாட்டார்கள். ட்ரைபாடில் கேமராவை வைத்து ஒரு வினாடி முழுக்க ஷட்டரைத் திறந்து வைக்கலாம்.

ஒத்திகையின்போது ஓரியானா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பது வயது. வகுப்பில் கறுப்புப் பிள்ளை அவள் ஒருத்திதான். மே இருபத்தைந்து தேசிய நாளில் போடும் பழங்காலத்து நாடகத்தில் மற்றப் பிள்ளைகள் சிலர் கார்க்கைச் சுட்டு முகத்தில் கரி பூசி, உதட்டில் சிவப்பு தீட்டி, மெழுகுவத்தி விற்கும் அடிமைகளாக வருவார்கள். மூன்று வருஷமாக அவளுக்கும் அந்த வேஷம்தான். "இவளுக்குக் கரி மிச்சம்" என்று டீச்சர் சிரிப்பார். இந்த வருஷம் அவள் அம்மா தெல்ஃபினா நான்கு முறை வந்து சண்டை போட்டு, சீமாட்டி வேஷம் வாங்கிக் கொடுத்திருந்தாள். கொண்டையில் பெரிய சீப்பு, கையில் விசிறி, வெள்ளைக் கையுறை.

"அக்கா, நான் படத்துல தெரிவேனா? அம்மா இப்பவே சுவத்துல ஆணி அடிச்சிட்டாங்க."

நெலிதா கேமராவில் பார்த்தாள். கொடிக்கும் மற்ற நான்கு சீமாட்டிகளுக்கும் வெளிச்சம் வைத்தால் ஓரியானாவின் முகம் இருண்ட ஓட்டை. அவளுக்கு வைத்தால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும்.

"ரெண்டு எடுக்கறேன். கேமராவோட முதல் சத்தம் அவங்களுக்கு. ரெண்டாவது சத்தம் உனக்கு. அதுவரைக்கும் அசையக் கூடாது."

விழா அன்று கீதம் தொடங்கியது. கரி பூசிய பையன் ஒருவன் ஓரியானாவின் காதருகே, "ஏய் சீமாட்டி, மூஞ்சி கழுவலையா?" என்றான். அவள் திரும்பவில்லை. முதல் சத்தம். பையன் அவள் பாவாடையை மிதித்தான். அவள் முகவாய் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. இரண்டாவது சத்தம்.

நன்றாக வந்திருந்தது. கண்ணில் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக நின்றது.

மாலையில் மிர்தா கேமராவை வாங்கிப் பார்த்தார். "இது என்ன? கொடி ஏதோ வெளுத்துப்போன துடைக்கிற துணி மாதிரி இருக்கு."

"அது அந்தப் பொண்ணு வீட்டுக்கு மட்டும், மேடம்."

"ஒருத்தி மூஞ்சிக்காக நாட்டுக் கொடியை வெளுக்க வச்சியா? வெளிய போனா ஸ்கூல் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கேப்பார். அழி."

"மேடம்..."

"ஜூலை ஒன்பது சுதந்திர தின விழாவுக்கு வேற ஆள் பாக்கணுமா?"

நெலிதா பொத்தானை அழுத்தினாள். படம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் படம் வாங்க வந்தார்கள். தெல்ஃபினா வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கரி பூசிய பிள்ளைகளின் சிவப்பு உதடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

"இவ எங்க?"

ஓரியானா ஒரு வெள்ளைக் கையுறைமேல் விரலை வைத்தாள். மேலே சீப்பு இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"ஒண்ணுதான் எடுத்தீங்களாம்மா?"

மிர்தா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"ஒண்ணுதான்" என்றாள் நெலிதா.

"இல்லம்மா. ரெண்டு சத்தம் கேட்டுச்சு. ரெண்டாவது எனக்குன்னு சொன்னாங்க."

"நாற்காலி இழுத்த சத்தமா இருக்கும்" என்றாள் நெலிதா.

"இல்ல! நான் அசையவே இல்ல. நான்..."

தெல்ஃபினா அவள் காதைப் பிடித்துத் திருகினாள். "பெரியவங்களைப் பொய்க்காரின்னு சொல்றியா? இதுக்கா நான் உனக்கு வேஷம் வாங்கிக் குடுத்தேன்? மன்னிப்பு கேளு." பிறகு நெலிதாவிடம் குரலைத் தாழ்த்தினாள். "உங்க மேல குத்தமில்ல. எங்க நிறம் அப்படி."

ஓரியானா நெலிதாவையே பார்த்தாள். முகவாய் இறங்கியது.

"மன்னிச்சிருங்க, அக்கா."

"பரவாயில்ல" என்று சொல்லி, நெலிதா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.