முதல் சூடு யார் தோளில்

எங்கள் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. புது ஹோஸ் வந்தால், அதைக் கொண்டுவந்தவர் தோளில்தான் முதல் சூடு. வாசலில் வேனை நிறுத்தி, அதற்குள் இருக்கும் பாய்லரை முழுச் சூட்டுக்கு ஏற்றி, ஹோஸை ஒரு மடிப்பாகத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நிற்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர், பம்பு தள்ளுகிற வேகத்தில், காதுக்குப் பக்கத்தில் ஓடும். அதைத் தாங்கின ஹோஸ்தான் கார்ப்பெட் கழுவப் போகும்.

இதை வைத்தவர் என் அப்பா. மாடிப்படிகளில் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஹோஸ் உராய்ந்து கறை படக் கூடாது என்று எங்கள் ஆட்கள் அதைத் தோளில் சுமந்து நிற்கிறார்கள். தன் தோளில் போட்டுப் பார்க்காததை அடுத்தவன் தோளில் ஏற்றுவது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல.

போன மாதம், ஓர் அடுக்குமாடிப் படியில், பழையதாகிப்போன ஹோஸ் ஒன்று கிழிந்து என் தம்பி மகனுக்குக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை வெந்துவிட்டது. இன்னும் ஒருக்களித்துத்தான் படுக்கிறான். அன்றைக்கே வேனில் இருந்த ஹோஸ் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். நல்லது கிடைக்கும்வரை வேலை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். நிறமும் வழவழப்பும் எனக்கு வேண்டாம். நுனியை வெட்டிக் காட்டச் சொல்வேன். உள்ளே கம்பிப் பின்னல் ஒன்றா இரண்டா, மேலுறை கம்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, முனையில் பூண் இறுகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை.

இந்தச் சேதி என் சம்பந்தி காதுக்குப் போனது. மகளின் மாமனார், பைப் கடை வைத்திருக்கிறார். அவர் கிளம்பி வருகிறார் என்று மகள் முதலிலேயே போன் செய்துவிட்டாள். என் மனைவி அதை என்னிடம் சொன்ன விதத்திலேயே பயம் இருந்தது.

“என்னங்க, இந்த ஒரு தடவை பேசாம வாங்கிக்கோங்க. தன் கடை ஹோஸ்தான் நம்ம வண்டில ஓடப் போகுதுன்னு அவர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாராம். நீங்க திருப்பி அனுப்பினா அங்க பேச்சு வாங்கப் போறது நம்ம பொண்ணு.”

“ஹோஸுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?”

“உங்க சம்பந்திதான் சம்பந்தம்” என்றாள் அவள்.

சம்பந்தி காரிலிருந்து இறங்கும்போதே குரல் முன்னால் வந்தது. கூடவே மாப்பிள்ளையும் மகளும். டிக்கியில் நீல நிறத்தில் இரண்டு சுருள்.

“வீட்டுக்குள்ளயே கடை இருக்கறப்போ ஊரெல்லாம் ஹோஸ் தேடறீங்களாமே சம்பந்தி!”

“உங்க கடைல செடிக்குத் தண்ணி விடற பைப்தான இருக்கும்னு நெனச்சேன்.”

“குத்தறாரு பாத்தியாடா?” என்று மகனிடம் சிரித்தார். “இது அது இல்ல. உங்க பாய்லரையே உருக்கி உள்ள ஊத்தினாலும் தாங்கும்.”

நான் கத்தியால் நுனியை ஒரு விரல் நீளம் நறுக்கினேன். ஒற்றைப் பின்னல்தான். நகத்தை வைத்து நெம்பினால் மேலுறை கம்பியை விட்டுப் பிரிந்து வந்தது. மகள் என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அவரே பின்வாங்கட்டும் என்று தோன்றியது.

“எங்க வழக்கம் தெரியும்ல? கொண்டுவந்தவர் தோள்ல முதல் சூடு.”

“அவ்வளவுதான? ஒரு துண்டு குடுங்க.”

“வேணாம்ப்பா” என்றார் மாப்பிள்ளை.

“சும்மா இருடா. உன்னையே பள்ளிக்கூடம் வரைக்கும் தூக்கிட்டுப் போன தோள் இது. நீ உதைக்காத உதையா!”

இரண்டு சுருளையும் ஒரு பூண் போட்டு இணைத்து, ஒரு முனையை வேன் பாய்லரில் மாட்டினேன். அவர் துண்டை மடித்துப் போட்டு, ஹோஸைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்து நின்றார். இணைப்புப் பூண் அவர் முதுகுப்புறம் தொங்கியது. மறுமுனையில் மாப்பிள்ளை தண்ணீரைத் தெளிக்கிற கோலைப் பிடித்துக்கொண்டார். மகள் மாமனாருக்குப் பின்னால் நின்றாள். நான் வேனருகே நின்று வால்வைத் திறந்தேன்.

ஹோஸ் ஒருமுறை துள்ளி விறைத்தது. கோலிலிருந்து ஆவி பறந்தது. சம்பந்தி அசையவில்லை. மீட்டர் முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அப்போதுதான் பூணுக்குக் கீழே நீல உறை மெல்ல எழும்பியது. முதலில் பட்டாணி அளவு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை அளவு. மகளும் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வால்வை மூடினேன்.

“என்னாச்சு?”

“மெஷின் மக்கர் பண்ணுது. பம்புல ஏதோ கோளாறு.”

அப்படித்தான் சொன்னேன். நீலச் சுருளைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு, வேறு ஹோஸ் வாங்கி ஓட்டிக்கொள்ளலாம். யாருக்கும் முகம் சுண்ட வேண்டாம். மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சம்பந்தி ஹோஸைக் கீழே இறக்கிவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். “பாத்தீங்களா! உங்க மெஷின் படுத்துடுச்சு, என் ஹோஸ் நிக்குது!” அதே சிரிப்போடு போனை எடுத்தார். “ஹலோ, உங்க ஓட்டல் கார்ப்பெட் ஆளுங்களுக்கு ஹோஸ் கேட்டீங்கல்ல? நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க. எங்க சம்பந்தியே தன் வண்டில போட்டுப் பாத்துட்டாரு. ஆமாம், அவங்க குடும்பமேதான். அவங்க பேரைச் சொன்னா போதாதா?”

“போனை வைங்க சம்பந்தி.”

“ஒரு நிமிஷம்.”

“வைங்கன்னு சொல்றேன்ல!”

வைத்தார். நான் சொன்னேன். “உங்க முதுகுப் பக்கம் ஹோஸ் ஊதிக்கிட்டு வந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உங்க மேலயே கிழிஞ்சிருக்கும். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல.”

அவர் குனிந்து பூணைத் திருப்பித் தடவினார். சூடும் அழுத்தமும் போனதும் உறை பழையபடி படிந்துவிட்டிருந்தது. வழவழவென்று புதிதாகவே இருந்தது.

“எங்க ஊதியிருக்கு?”

“இப்போ அடங்கிடுச்சு. தரைல போட்டு மறுபடி திறந்து காட்டறேன்.”

“மொதல்ல மெஷின் மக்கர். இப்போ ஹோஸ் மக்கர்.” அவர் குரலில் சிரிப்பு போய்விட்டது. “சொன்ன மாதிரி நின்னு காட்டினேன். மறுபடி எதுக்கு? நீங்க அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?”

எங்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் என் மகள் பக்கம் திரும்பினார். “நீ பின்னாடிதானம்மா நின்னே? நீயே சொல்லு. உங்க அப்பா சொல்றது நெஜமா?”

கதவோரம் நின்ற என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். குனிந்து ஹோஸைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். பூண் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“திறங்கப்பா.”

“கீழ போடும்மா.”

“மாமா நின்னாருல்ல? நானும் நிக்கறேன். ஒண்ணும் ஆகலேன்னா மாமா சொல்றது சரின்னு ஆயிடும். திறங்க.”

“பைத்தியக்காரி மாதிரி பேசாத.”

“உங்க வழக்கம்தானப்பா?”

என் கை வால்வின் மேல்தான் இருந்தது. கால் வட்டம் திருப்பினால் போதும். விரல்கள் மடங்கவில்லை. மாப்பிள்ளை கோலைக் கீழே போட்டுவிட்டு அவளை நோக்கி ஓடி வந்தார். சம்பந்தி ஹோஸைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

“இறக்கும்மா” என்றார். அவரே போய் அவள் தோளிலிருந்து ஹோஸை எடுத்துத் தரையில் போட்டார். பிறகு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“அவ தோள்னதும் கை வரல. என் தோள்ல கெடந்தப்போ எவ்வளவு சுலபமா திறந்தீங்க சம்பந்தி.”

“அப்போ எனக்குத் தெரியாது.”

“நறுக்கிப் பாத்தீங்க. நகத்தால உரிச்சுப் பாத்தீங்க. எனக்குத் தெரியாது, நான் பைப் விக்கறவன். உங்களுக்குத் தெரியாதா?”

சொல்ல என்னிடம் வார்த்தை இருந்தது. வாடிக்கையாளர் சுவர், தம்பி மகன் கழுத்து, அப்பா வைத்த வழக்கம் எல்லாம் இருந்தன. ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை.

அவர் போனை எடுத்து, எங்கள் எல்லார் காதிலும் விழும்படியே பேசினார். “நாளைக்கு வர வேணாம். சரக்கு சரியில்ல. ஆமா, நானே சொல்றேன்.” மாப்பிள்ளையும் அவருமாகச் சுருள்களைப் பிரித்து, தண்ணீரை வடியவிட்டு, டிக்கியில் ஏற்றினார்கள். என் மனைவி உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். “இருக்கட்டும்மா” என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

காரில் ஏறும் முன் மகள் அவரை நிறுத்தினாள். அவருடைய சட்டைக் காலரை விலக்கி, தோள் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். விரலால் தொட்டு, “எரியுதா மாமா?” என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் வேறு யாரும் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை.