மறுபடி இல்லாத குழி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கறி வாங்கிக்கொண்டு திரும்பிய சரிதா கேட்டைத் திறந்தபோதே குழந்தை அழும் சத்தம் கேட்டது. சத்தம் பின்பக்கக் குளியலறையிலிருந்து வந்தது. பையைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள். கதவின் உள்தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டிருந்தது. ஐந்து வயது மோகனப்பிரியா தட்டித் தட்டி, தொண்டை கட்டி, "அப்பா... அப்பா..." என்று விக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமி, அம்மா வந்துட்டேன். அழுவாத. தாப்பாள மேல தூக்கி இழு கண்ணு. மொதல்ல தூக்கு, அப்பறம் இழு."

நாலைந்து தடவை இழுத்த பிறகுதான் கதவு திறந்தது. குழந்தையின் கை சிவந்து போயிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு, "நீ போன ஒடனே" என்றாள். சரிதா போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கிருந்து பத்தடி தூரத்தில்தான் அவள் கணவன் நந்தகுமார் உட்கார்ந்திருந்தான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காதுகளை முழுவதும் மூடிய ஹெட்போன். லேப்டாப் திரையில் கும்மிருட்டு. அதற்குள் ஒரு விளக்கு மட்டும் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சரிதா ஹெட்போனைப் பிடுங்கி வீசினாள்.

"ஏனுங்க, காதுல என்னத்த அடச்சு வெச்சிருக்கீங்க? புள்ள உள்ள மாட்டிக்கிட்டுக் கத்திட்டுக் கெடக்குது!"

அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. "உள்ளயா? எதுக்குள்ள?" என்று கேட்டான். குழந்தையைத் தூக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அது ஏன் என்று கேட்கும் பொறுமை அப்போது சரிதாவுக்கு இல்லை.

நந்தகுமாருக்கு முப்பத்து நாலு வயது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டியில் பன்னிரண்டு வருடம் டிரில்லராக ஓடியவன். ஆந்திரா, மராட்டியம் என்று மாதக்கணக்கில் போய், ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வருவான். ஏழு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். முதுகுவலி என்றான். முதலாளி இரண்டு முறை ஆள் விட்டும் போகவில்லை. சரிதா ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், லேப்டாப் அவளுடையது. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் அவள் தம்பி தர்ஷன் பொங்கலுக்கு வந்தவன், மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து காலைப் பலகாரம் முடிந்தால் நந்தகுமார் அதற்குள் இறங்கிவிடுவான். பக்கத்து வீட்டு வசந்தாமணி, "பச்சப்புள்ளையாட்ட பெட்டிய நோண்டிக்கிட்டு, கலியாணமான ஆம்பள செய்யற வேலையா இது" என்று காதுபடவே சொல்லியிருந்தாள். சரிதாவும் திட்டினாள், கெஞ்சினாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தாள். அவன் எதற்கும் மறுபேச்சுப் பேசியதில்லை.

அன்று மதியம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்ன எழவடா ஏத்திக் குடுத்த? அதுல அப்படி என்னதான் இருக்குது?"

தர்ஷன் பயந்துபோய்ச் சொன்னான். "அக்கா, அது ஒரு பாழடைஞ்ச சுரங்கம். நம்ம கண்ணாலயே பாத்து எறங்கற மாதிரி இருக்கும். கீழ என்னமோ ஒண்ணு இருக்குது. பேயும் இல்ல, மிருகமும் இல்ல. அதுக்கு நம்ம மேல கோவங்கூடக் கெடையாது. நடக்கறப்ப எறும்ப மிதிக்கறோமல்ல, அது மாதிரி மிதிச்சிட்டுப் போயிரும். செத்தா எல்லாம் போச்சு, மறுபடியும் மொதல்லருந்து. வழியும் ஒவ்வொரு தடவையும் மாறிரும்."

"செத்துச் செத்து ஆடறதுல என்னடா சொகம்?"

"அந்தப் பயத்துக்கு ஒரு அளவு இருக்குதுக்கா. பரீட்ச, வேல கெடைக்குமா கெடைக்காதாங்கற பயமெல்லாம் எந்நேரமும் கூடவே வருது. இது ஹெட்போனக் கழட்டுனா தீந்துது. அப்பறம், நேத்து செத்த மாதிரி இன்னைக்குச் சாவ மாட்டோம். கொஞ்சம் கத்துக்கிட்டுருப்போம். எங்க கிளாஸ்ல எல்லாரும் அதுக்குத்தான் ஆடறாங்க." சற்றுத் தயங்கினான். "ஆனா மாமா அப்படி ஆடலக்கா. என் ஐடியிலதான் ஆடறாரு, எனக்குத் தெரியும். ஆயிரத்துச் சொச்சம் தடவ எறங்கியிருக்காரு. ஒரு தடவகூட நாலாவது தளத்தத் தாண்டல. போன தடவ வந்தப்ப பக்கத்துல உக்காந்து பாத்தேன். அது வர்றது தெரிஞ்சும் ஓட மாட்டாரு. வெளக்கப் புடிச்சிட்டுச் சும்மா நிப்பாரு."

மறுநாள் கோபத்தோடு லேப்டாப்பைப் பள்ளிக்கே எடுத்துப் போய்விட்டாள். மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறையில் யாரும் இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று திறந்தாள். இரண்டு நிமிடத்தில் செத்தாள். இரண்டாவது முறை, சுவருக்கு அப்பால் ஏதோ மூச்சு விடும் சத்தம் கேட்டு நின்றாள், அப்போதும் செத்தாள். விரல் தானாகவே மறுபடி தொடங்கும் பொத்தானுக்குப் போனது. மணி அடித்தபோது ஆறு முறை செத்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. பயந்துதான் இருந்தாள், ஆனால் அந்த அரைமணி நேரம் வீட்டு நினைப்பு ஒன்றுகூட வரவில்லை. ஏன் தோற்றாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அது அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. இத்தனை மாதமாக "அதை நிறுத்துங்க" என்றுதான் சொல்லியிருக்கிறோம், "எதுக்குப் போறீங்க" என்று ஒரு நாளும் கேட்டதில்லையே என்று நினைத்தாள்.

சாயங்காலம் லேப்டாப்பை அவன் முன்னால் வைத்தாள். "நானும் எறங்கிப் பாத்தனுங்க. ஆறு தடவ செத்தேன். நீங்க எதுக்கு ஓடாம நிக்கறீங்க?"

நந்தகுமார் அதைத் திறக்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கார்த்திகையில டிவில ஒரு செய்தி ஓடுச்சல்ல. கெங்கவல்லிப் பக்கம், போர் போட்ட குழியில ஒரு புள்ள உழுந்துருச்சுன்னு. அது வேற ரிக்கு வண்டி போட்டதுன்னு உங்கிட்டச் சொன்னேன். நான் போட்ட குழிதான் அது."

சரிதா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னண்ணன்னு ஒருத்தரு. ரெண்டு ஏக்கரா மேட்டுக்காடு. தொள்ளாயிரம் அடி ஓட்டியும் வெறும் புழுதிதான் வந்துது. மண்ணு சரியாம இருக்க மேல எறக்குன கேசிங் பைப்ப உருவிக் குடுத்துருங்க, அடுத்த போருக்கு ஆகும்னாரு. உருவிக் குடுத்தேன். குழி வாயில ஒரு சாக்கப் போட்டு, மேல ஒரு கல்ல வெச்சுட்டு வண்டிய எடுத்துட்டேன். அவரு மூடிக்குவாருன்னு நான் நெனச்சேன். நாங்க மூடிட்டுத்தான் போனோம்னு அவரு நெனச்சிருக்காரு. இருவது நாளு கழிச்சு அவரு புள்ளையே உள்ள போயிருச்சு. மூணு வயசு. இனியான்னு பேரு."

குழியைப் பற்றித் தெரிந்தவன் என்று அவனைத்தான் அங்கே கூப்பிட்டிருந்தார்கள். எத்தனை அடியில் பாறை, எங்கே குழி குறுகுகிறது என்று அதிகாரிகள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு பதினாலு மணி நேரம் நின்றிருக்கிறான். வழக்கு முதலாளி பேரிலும் நிலத்துக்காரர் பேரிலும் போனது. இவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"பன்னெண்டு வருசமா பூமியத் தொளச்சவன் நான். அந்த ஒரு சாண் அகலத்துக்குள்ள என்னால ஒரு அடி எறங்க முடியல சரிதா. மைக்க எறக்குனாங்க. 'அம்மா'ன்னு ரெண்டு தடவ கேட்டுது. அப்பறம் அதுவும் இல்ல." லேப்டாப்பைக் காட்டினான். "இதுல எறங்க முடியுது. எறங்குனா நாந்தான் சாவறேன், வேற யாரும் சாவறதில்ல. கீழ இருக்கறது அவ்வளவு பெருசு, எவனாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. அதனால முடியலைன்னா எந் தப்பு இல்ல. செத்த ஒடனே மேல கொண்டாந்து உட்டுருது. மறுபடியும் எறங்கறேன். நேத்து நம்ம புள்ள உள்ள கத்துனப்பக்கூட அங்கதான் நின்னுட்டு இருந்தேன்."

உங்கள் தப்பில்லை என்று சொல்லச் சரிதாவுக்கு வாய் வரவில்லை. உங்கள் தப்புத்தான் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு குழந்தையை வசந்தாமணியிடம் விட்டுவிட்டு இருவரும் கெங்கவல்லிக்குப் பஸ் ஏறினார்கள். சரிதாதான் பிடிவாதமாகக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் அவன் மூன்று முறை "திரும்பிப் போயிரலாம்" என்றான்.

மரவள்ளிக் காட்டில் அங்கம்மாள் தனியாகக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். இனியாவின் அம்மா. அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். களைக்கொத்து மட்டும் நின்றது. நந்தகுமார் கையைக் கூப்பினான். சரிதாதான் சொன்னாள்: அன்றிலிருந்து வேலைக்குப் போகாததை, பிள்ளையைத் தூக்காததை, அந்த விளையாட்டில் ஆயிரம் முறை குழிக்குள் இறங்கிச் சாவதை.

அங்கம்மாள் முழுதும் கேட்டாள். அழவில்லை.

"எங்க ஊட்டுக்காரு பொழுது விடிஞ்சா குடிக்கப் போயிடறாரு. குடிச்சா அவ கூப்புடற சத்தம் கேக்கலயாம். நீ அந்தப் பெட்டிக்குள்ள போயிடற. நான் எங்க போறதுப்பா? எனக்கு இந்தக் காட்ட விட்டா வேற எடம் ஏது? தெனமும் அந்தக் குழி இருந்த எடத்தத் தாண்டித்தான் களவெட்டணும்."

நந்தகுமார் தலை குனிந்தான்.

"நீ பொம்மக் குழியில ஆயிரந்தடவ செத்தாலும் எம்பொண்ணு ஒரு தடவ ஏறி வரமாட்டா. அது கெடக்கட்டும். இது மாதிரி பைப்ப உருவிட்டு வந்த எடம் இன்னும் எத்தன இருக்கு?"

அவன் யோசித்தான். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. "எனக்கு நெனப்பு இருக்கறது பதினொண்ணுங்க."

"எல்லாத்தயும் மூடிட்டாங்களா?"

"தெரியலீங்க."

"தெரியாமயா இத்தன மாசம் ஊட்டுல உக்காந்து வெளையாடிக்கிட்டு இருந்த?"

அங்கம்மாள் குனிந்து களை வெட்டத் தொடங்கினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு இருவரும் திரும்பினார்கள்.

வருகிற வழியில் அயோத்தியாப்பட்டணம் நிறுத்தத்தில் நந்தகுமார் திடீரென்று எழுந்து இறங்கினான். ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் ஒரு தென்னந்தோப்பு. இரண்டு வருடத்துக்கு முன் அவன் போட்ட குழி அதன் மூலையில் இருந்தது. வாயின் மேல் காய்ந்த மட்டை ஒன்று கிடந்தது. காலால் தள்ளினான். கீழே கறுப்பாகத் திறந்து கிடந்தது. சரிதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் விடாமல் பிடித்துக்கொண்டான்.

தோப்புக்காரர் மாதேஸ்வரன் சத்தம் கேட்டு வந்தார். "அட, ரிக்கு வண்டித் தம்பியா? என்ன இந்தப் பக்கம்?"

"இத மூடோணுமுங்க. இப்பவே."

"மட்டையப் போட்டுத்தான் வெச்சிருக்குது. இந்தத் தோப்புக்குள்ள யாரு வரப்போறாங்க? தேங்கா வெட்டு முடியட்டும், ஆள உட்டு மூடிக்கறேன். நீங்க போங்க தம்பி."

"நான் போகலீங்க. கடப்பாறையும் மம்பட்டியும் குடுங்க, நானே கல்லும் மண்ணும் போட்டு ரொப்பறேன்."

"உனக்கு என்னப்பா அவ்வளவு அவசரம்?"

நந்தகுமார் குழியைப் பார்த்தான். இன்னும் பத்து இருக்கின்றன. அதில் நாலு, எந்த ஊர்க்காடு என்றே அவனுக்குச் சரியாக நினைவில்லை. நினைவுக்கு வராதவை எத்தனையோ, அதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் தன்னால் போய்ச் சேர முடியுமா என்று பயந்தான். ஆனாலும் சொன்னான்.

"நான் ஒரு கேம் ஆடறனுங்க. அதுல குழிக்குள்ள உழுந்து செத்தா மேல கொண்டாந்து உட்டுரும், மறுபடியும் ஆரம்பிக்கலாம். அதுக்காகத்தான் அத ஆடறேன். இங்க அப்படி இல்லீங்க. தோண்டுனவன் நிலத்துக்காரர் மூடுவாருன்னு போயிடறான், நிலத்துக்காரர் தோண்டுனவன் மூடிட்டான்னு இருந்துடறாரு. நடுவுல ஒரு புள்ள போயிருதுங்க. போனா மறுபடிங்கறதே இல்லீங்க. தோண்டுனவங்க, தோண்டச் சொன்னவங்க, ரெண்டு பேரும் நின்னு மூடிட்டுத்தானுங்க அந்த எடத்த உட்டு நகரோணும்."

மாதேஸ்வரன் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு மம்பட்டி எடுத்து வரக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.