பினாங்குப் பொழுது விடிந்த வீடு

1961-ஆம் ஆண்டு தை மாதம், திருச்சி பாலக்கரையில் முகம்மது கனி வாங்கிய வீட்டில் மட்டும் பொழுது ஒன்றரை மணி நேரம் முன்னதாக விடிந்தது. தெருவில் கும்மிருட்டு, அந்த வீட்டு முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கும் அளவுக்கு வெளிச்சம். முதலில் பார்த்தவர் பால்காரர். நேரமாகிவிட்டதென்று பதறி, அன்று பாலில் தண்ணீர் கலக்க மறந்துபோனார்.

பினாங்கில் விடியும் நேரம் அது என்று கனி சொன்னார்; அவர் மனைவி வஹீதா இதைப் பெரிதுபடுத்தவில்லை. கல்யாணமான பதினைந்து வருஷத்தில் பதினாலைக் கணவர் பினாங்கில் மளிகைக் கடை வைத்துக் கழித்தார்; அவள் ஏழு வாடகை வீடுகளில் கழித்தாள். ஏழிலும் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருந்தது. கனி கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பி, முசிறி வாழைக்காய் வியாபாரி காத்தமுத்துவிடம் இந்த வீட்டைப் பேசி முடித்தார். குடிபுகுந்த அன்றே அவள் பதினோரு ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு நாலு சாமான்தான் இருந்தது. அப்படிப்பட்டவளுக்கு வெளிச்சம் எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன?

வம்பு வேறு பக்கமிருந்து வந்தது. பத்திரம் எழுதிய அற்புதசாமி, பதிவு ஆபீசில் கனியின் பாஸ்போர்ட்டை நீட்டியபோதுதான் அவர் மலாயாப் பிரஜை என்று தெரிந்தது. கனிக்கும் அப்போதுதான் தெரிந்தது என்றே சொல்ல வேண்டும். 1957-இல் கடை லைசென்ஸுக்காக ஒரு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருந்தார். ரேஷன் கார்டு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆபீசில் சட்டத்தைப் படித்த விதத்தில், அந்நிய நாட்டுப் பிரஜை மனை வாங்க மேலிடத்து அனுமதி வேண்டும். அதுவரை பத்திரம் அலமாரியில் கிடக்கும். அனுமதி வராவிட்டால் வீடு காத்தமுத்துவுக்கே திரும்பும். வஹீதா எட்டாவது வாடகை வீடு தேட வேண்டும்.

இதற்குள் நோன்பு வந்தது. கனி வீட்டில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்து, நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் ஆகிவிடுகிறது என்ற சேதி பரவி, தெருவே நாலரைக்குப் பேரீச்சம்பழத்தோடு வந்து உட்கார்ந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பார்த்துவிட்டு, இங்கே நோன்பு திறப்பவர் விடியுமுன் சாப்பிடும் ஸஹரையும் இங்கேயே முடித்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் மூன்று பேர்தான் வந்தார்கள். கஞ்சி மிஞ்சியது.

பெருநாள் கழிந்து விசாரணைக்கு வந்த அதிகாரி ஸ்ரீரங்கத்துக்காரர், நல்ல மனிதர். கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கேயே பொழுது சாய்ந்துவிட்டதால் கிணற்றடியில் கைகால் கழுவிச் சந்தியாவந்தனத்தை முடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்ரீரங்கம் போய் இன்னொரு முறையும் செய்தார்.

"உங்க மேல தப்பே இல்லை. ஆனா இது அந்நிய சொத்துன்னு சூரியனே சாட்சி சொல்றானே, நான் என்ன பண்றது?" என்று கனியிடம் வருத்தத்தோடு சொன்னார். ஒரு மாதக் கெடு கொடுத்தார்.

கனி இடிந்துபோனார். திரும்பவும் பினாங்குக்கே போய்ப் பிழைத்து, வாடகையாவது அனுப்புகிறேன் என்றார். வீடு போவதைவிட அதைத்தான் வஹீதாவால் ஏற்க முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நிக்காஹ் அன்னைக்கு எனக்குத் தர வேண்டிய மஹர் பணத்தைப் பிறகு தரேன்னு எழுதிக் கொடுத்தீங்க. நானும் இதுநாள்வரை கேக்கலை. இப்பக் கேக்கறேன். இந்த வீட்டைக் கொடுங்க."

"எம் பேர்ல வராததை எப்படிக் கொடுக்கறது, வஹீதா?"

"எம் பேர்ல வாங்கிக் கொடுங்க. நான் எந்த வரிசையிலயும் போய் நிக்கலையே."

பத்திரம் ஆண்பிள்ளை பேரில்தான் என்பது அந்தத் தெருவின் பழக்கம். பழக்கத்தில் ஊறிப்போய், வேறு வழி உண்டென்பது இருபது வருஷமாகப் பத்திரம் எழுதும் அற்புதசாமிக்குக்கூடத் தோன்றவில்லை. அவர் வெட்கத்தோடு பழையதை ரத்து செய்து புதிதாக எழுதினார். காத்தமுத்து முதல் பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அந்த வீட்டிலும் ஊரோடு சேர்ந்துதான் விடிந்தது. கனி படுத்திருந்த பாயில் மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக விடிந்தது. அவர் எழுந்து சும்மா உட்கார்ந்து பார்த்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார். வஹீதா கண் விழித்தபோது, மூன்று முறை சுடவைத்த டீ தலைமாட்டில் இருந்தது. பதினைந்து வருஷத்தில் அவளுக்காக யாரும் டீ போட்டதில்லை. அழுகை வந்தது. சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டே குடித்தாள். அடுத்த நாளிலிருந்து சரியாகப் போட்டார்.