மேனேஜரின் மாலை நடை

"நான் இல்லாட்டியும் மேனேஜர் என்னை வாக்கிங் கூட்டிட்டுப் போய்ட்டு, பத்திரமா வீட்டுல கொண்டுவந்து விட்டுடுவான்!"

போன வாரம் கட்டிலில் படுத்தபடி கிரேன்காரர் சொன்னதை, அவருடைய உடலின் தலைமாட்டில் நின்றுகொண்டு நண்பர் கொக்கி அதே குரலில் நடித்துக் காட்டினார். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். மூலையில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்துவிட, அவ்வளவுதான், அணை உடைந்தது. வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோலத்தான் இருந்தது.

மேனேஜர் என்பது நாய். கன்றுக்குட்டி அளவு என்று சொன்னால் கன்றுக்குட்டிக்குத்தான் பெருமை. "வேலையில இருந்த வரைக்கும் மேனேஜர் சொன்னதை நான் கேட்டேன். இனிமே மேனேஜர் நான் சொல்றதைக் கேக்கட்டும்" என்று, ஓய்வு பெற்ற கையோடு அதற்கு அந்தப் பெயரை வைத்தார் கிரேன்காரர். துறைமுகத்தில் அவர் மேலே கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்ட, கீழே நின்று சரக்குக்குக் கொக்கி மாட்டியவர் கொக்கி. அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவருடைய கழுத்து பின்பக்கமாகவே நின்றுவிட்டது என்று கிரேன்காரர் சொல்வார். கொக்கியே அதை நம்பிக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டதுண்டு.

இன்று காலை செய்தி சொல்ல போன் செய்தபோது, பழைய கூட்டாளி ஒருவர் அதையும் கிரேன்காரரின் கதை என்றே நினைத்து, "சரி சரி, செத்துட்டாரு. அப்புறம் என்ன சொல்லச் சொன்னாரு?" என்று கேட்டாராம்.

சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் கிரேன்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவள். வீட்டிலும் அதே வேலைதான். அவர் ஒரு கதையை ஆரம்பிப்பார், அவள் முடித்து வைப்பாள். 'முற்றுப்புள்ளி' என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

"கிரேன் உச்சியிலேர்ந்து பாத்தா நாளைக்கு வர்ற மழை இன்னைக்கே தெரியும்."

"நேத்து கொடியில கிடந்த துணியெல்லாம் நனைஞ்சுதே, அப்ப கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

இப்படித்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். போன வாரமும் அப்படித்தான். வெந்நீரில் துணியை நனைத்து அவருடைய காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாடி. கால் வலிக்குது. ரொம்ப தூரம் நடந்துட்டேன்."

"கட்டிலை விட்டே இறங்கல."

"நான் இறங்கல. மேனேஜர்தான் கூட்டிட்டுப் போனான்."

"பொய்."

"நீ ஒரு நாள் என்கூட வந்து பாரேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அவள் துணியைப் பிழிந்து காயப்போட எழுந்து போய்விட்டாள்.

முற்றத்தில் கப்பி கிறீச்சிட்டது. மேனேஜரின் ஓட்டம். அந்த முற்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆள் உயர வேலி. அடியில் தோண்டி ஓடிவிடாதபடி கம்பிவலையை மடக்கி மண்ணுக்குள் புதைத்திருந்தார். "இவன் தோண்ட ஆரம்பிச்சா அடுத்த நாட்டுக்குச் சுரங்கம் போட்டுடுவான்." வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம். ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது. பெண் கொடுத்த சம்பந்தியையே அந்த இடுக்கில் பழக்கூடையோடு நிறுத்திவைத்து, "பின்னாடி கதவு சாத்தியாச்சா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். தலைக்கு மேலே சுவரிலிருந்து கடைசி மரம் வரை ஓர் இரும்பு வடம். அதில் ஓடும் கப்பி. கப்பியிலிருந்து தொங்கும் வாரின் நுனி மேனேஜரின் நெஞ்சுப்பட்டையில். கட்டிப்போட்ட மாதிரியும் இருக்கும், ஓடிக்கொண்டே இருக்கவும் முடியும். ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் ஒரு கிரேனை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று தெரு பேசிக்கொண்டது.

இன்று இரண்டு கதவுகளையும் செங்கல் வைத்து விரியத் திறந்திருந்தார்கள். அப்படி ஒருசேரத் திறந்து அவள் பார்த்ததே இல்லை.

உடலை வெளியே கொண்டு போனபோது மேனேஜர் குரைக்கவில்லை. தூக்கிப் போனவர்களுக்குப் பக்கத்திலேயே, வடம் போகும் தூரம் வரை நடந்தது. கப்பி முட்டுக்கட்டையில் இடித்து நின்றது. அதுவும் நின்றது. எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

வந்தவர்கள் கலைந்தார்கள். மகனும் கொக்கியும் நாற்காலிகளை அடுக்கினார்கள். மகன் அடுக்கிக்கொண்டே சொன்னான்.

"அம்மா, சாயந்திரம் ஒருத்தர் வர்றார். நாய்க் காப்பகம் வெச்சிருக்கார். பெரிய இடம். அது நல்லா ஓடலாம்."

"இன்னைக்கேவா?"

"நாளைக்கு மறுநாள் நான் கிளம்பணுமே. நீ தனியா இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"ஒரு வாரம் இருக்கட்டுமேடா."

"ஒரு வாரம் யாரு நடத்துறது? நடக்கலேன்னா கத்தும், வேலியைக் கடிக்கும். உன்னால பிடிக்க முடியுமா சொல்லு. உன் எடையும் அதோட எடையும் ஒண்ணு. ரோட்டுல இழுத்துக்கிட்டு ஓடுச்சுன்னா இன்னொரு சாவு விழும்."

"நான் கூட்டிட்டுப் போவேன் அண்ணி. ஆனா என் முட்டி கேக்காதே" என்றார் கொக்கி.

"பாத்தியா? நீ ஒரே ஒரு தடவை இதைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவைச் சுத்தி வந்துடு. அப்புறம் நான் வாயைத் திறக்கல."

சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். கொக்கி நாற்காலி அடுக்கின் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடினார்.

அவளுக்கு அந்த நாயோடு அப்படியொன்றும் உறவு இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கோபம்தான். சாயங்காலம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டுவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிளம்பினால் பொங்குவதற்குள் சுற்றி வந்துவிடக்கூடிய தூரம்தான். அவர் திரும்பி வருவதற்குள் சமையல் முடிந்து, ஆறி, மறுபடியும் சூடாகி, மறுபடியும் ஆறியிருக்கும். எங்கேயோ உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஊரையே அளந்துட்டு வர்றீங்களா?"

"இன்னைக்கு ஒரு மலை குறுக்கே வந்துடுச்சுடி. ஏறி இறங்க வேண்டாமா?"

கிளம்பும்போதெல்லாம் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "வர்றியா?" என்பார். "மேனேஜரோட நீங்களே போங்க" என்பாள். கேட்பதை அவரும் விடவில்லை, அப்படிச் சொல்வதை அவளும் விடவில்லை.

கப்பியின் சத்தம் நின்றே போயிருந்தது. இன்றைக்குப் பிறகு அந்தச் சத்தமும் இருக்காது. அவள் எழுந்தாள்.

ஆணியிலிருந்து நடைவாரை எடுத்தாள். அதை நெஞ்சுப்பட்டையில் மாட்டிவிட்டு, வடத்தின் வாரைக் கழற்றினாள். கையில் சுற்றக் கூடாது என்று அவர் ஆயிரம் தடவை சொன்னதை மறந்து, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். செங்கற்களைக் காலால் தள்ளினாள். உள்கதவைச் சாத்தினாள். வெளிக்கதவைச் சாத்தினாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இழுபடுவதற்குத் தயாராக நின்றாள்.

வார் தொய்ந்தே கிடந்தது.

கண்ணைத் திறந்தால், மேனேஜர் நடக்கத் தொடங்கியிருந்தது. அதை நடை என்று சொல்ல முடியுமா? நத்தை பார்த்தால் முந்திக்கொண்டு போகும். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு காலை வைத்து, யோசித்து, அடுத்த காலை வைத்தது. அவள் பழக்கத்தில் வேகமாக நடந்து, அதன் முதுகில் முட்டிக்கொண்டாள்.

மின்கம்பத்தடியில் உட்கார்ந்தது.

"என்ன?"

அது அவளைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தது. கம்பத்தில் யாரோ கை ஊன்றி நிற்பதுபோல, அந்த உயரத்தில். "வா" என்று வாரை இழுத்தாள். மலையை இழுத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, யாரோ 'சரி, போலாம்' என்று சொன்னதுபோலத் தானாக எழுந்தது.

மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தது. எழுந்தது. பள்ளிக்கூடச் சுவரோரமாகத் திரும்பியது. அங்கே தெரு லேசாக உயர்ந்து போயிற்று. எத்தனையோ வருஷம் வேலைக்குப் போய் வந்த தெரு. அதில் ஒரு மேடு இருப்பது அவள் கண்ணில் பட்டதே இல்லை. பாதி மேட்டில் மேனேஜர் நின்றது. திரும்பி, காத்திருந்தது. கொஞ்சம் ஏறியது. மறுபடியும் நின்று காத்திருந்தது.

இதுதான் மலை போலிருக்கிறது.

அவள் சுவரில் கை வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் நின்றாள்.

மேட்டின் உச்சியில் ஒரு தையல்கடை. தையல்காரப் பெண் தலையைக் குனிந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜரின் பட்டை குலுங்கும் சத்தம் கேட்டதும், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், மேசைக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் வெளியே தள்ளினாள்.

"என்ன சார், ஒரு வாரமா ஆளையே காணோம்? எந்த நாட்டுக்குப் போயிட்டீங்க?"

பதில் வராததால் நிமிர்ந்தாள். வார் வேறொருத்தி கையில் இருப்பதைப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். மெஷினிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்பம்மா?"

"காலையில."

மேனேஜர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவரின் எடையில் ஒரு கால் தேய்ந்து, அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இங்கதான் உக்காருவாரா?"

"இங்க மட்டுமாம்மா? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வருவார். தண்ணி குடிப்பார். 'வீட்டுல சொல்லிடாதேம்மா, சொன்னா என் வீட்டம்மா வெளியே விட மாட்டா'ன்னுவார். ஆஸ்பத்திரிக்குப் போங்க சார்னா, 'கிரேன் மாதிரிதான் நானும், மேல ஏத்துறப்ப சத்தம் வரத்தான் செய்யும்'பார்." தையல்காரப் பெண் புடவைத் தலைப்பை முகத்தருகே கொண்டுபோனாள். "ஒரு நாள் நீங்களும் அவரோட வருவீங்கன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தார்."

தண்ணீர் வந்தது. அவள் குடித்தாள். எழுந்திருக்கலாமா என்று மேனேஜரைப் பார்த்தாள். அது இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆகவே அவளும் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். மேனேஜர் வண்டிகள் வரும் பக்கமாக வந்து நின்றுகொண்டது. வண்டிகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது, அவள் தாராளமாகப் போயிருக்கலாம். மேனேஜருக்கு அது போதவில்லை. மிக மிக மெதுவாகக் கடக்கிற ஒருவருக்கு எவ்வளவு வெற்றிடம் வேண்டுமோ, அவ்வளவும் கிடைக்கும்வரை நின்றது. சாலையின் நடுவில் அதன் முதுகு அவளுடைய தொடையில் அணைவாக ஒட்டிக்கொண்டே வந்தது. எப்போது மணிக்கட்டிலிருந்து வார் அவிழ்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல்களில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. வீட்டு வாசலில் பின்பக்கம் கம்பி அடித்த வேன் ஒன்று நின்றது. ஈரத் தலையோடு மகன் தெருவுக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்தான்.

"எங்கம்மா போனே? எவ்வளவு நேரமாச்சு! நான் போலீசுக்கே போன் பண்ண இருந்தேன். இவர் எவ்வளவு நேரமா நிக்கிறார் தெரியுமா? எங்கேயாவது இழுத்துத் தள்ளிடுச்சா?"

அவள் வெளிக்கதவைத் திறந்து மேனேஜரோடு உள்ளே வந்தாள். அதைச் சாத்தினாள். கொண்டி விழுந்ததா என்று அசைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உள்கதவைத் திறந்தாள். மகனும் வேன்காரரும் வெளியே நின்றார்கள்.

"தம்பி, மன்னிச்சுக்கோங்க. உங்களை அலைய வெச்சுட்டோம்" என்றாள் வேன்காரரிடம். "இவன் எங்கயும் போகல."

"அம்மா..."

"சுத்திட்டு வந்துட்டேன்டா. வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னே."

வேன்காரர் மகனைப் பார்த்தார். மகன் வேனைப் பார்த்தான். சற்று நேரம் கழித்து வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

முற்றத்தில் மேனேஜர் வாளியில் வாயை வைத்து நக்கி நக்கிக் குடித்தது. கொக்கி நாற்காலி அடுக்கிலிருந்து இறங்கி வந்தார். அவருடைய கண்கள் வீங்கியிருந்தன. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"என்ன அண்ணி, இவ்வளவு நேரம்? அண்ணன் சொன்ன மாதிரி மேனேஜர் அவரைக் கூட்டிக்கிட்டு ஊர்வலம் போயிட்டானா?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எப்போதும்போல அவள் ஒரே சொல்லில் வெட்டுவாள் என்று காத்திருந்தார்.

அவள் குனிந்து மேனேஜரின் நெஞ்சுப்பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது குடித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ஆமா, போயிட்டு வந்தாங்க" என்றாள். "நானும் கூடப் போனேன்."